மட்டக்களப்பில் பகுதிநேர நீதிமன்ற நிருபராக வேலை செய்யலாமா?

"கல்லடியில் இருக்கிறேன். பின்னேரங்களில் ரியூட்டரி ஒன்றில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். காலையில் வேலை இல்லை. கோட்டுக்குப் போய்ப் பகுதிநேரமாகச் செய்தி எழுதலாம் என்று ஒரு சிநேகிதி சொல்கிறாள். அதற்குச் சுருக்கெழுத்து தெரிய வேண்டுமா? சட்டம் படித்திருக்க வேண்டுமா? கையில் ஏதாவது மிஞ்சுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம் தங்கச்சி. காலை நேரம் உங்கள் கையில் இருப்பதே பாதித் தகுதி. நான் 21 வருடமாக இந்த வேலை செய்கிறேன். சாப்பாட்டுக்கான தொழில் கோட்டடியில் வைத்திருக்கும் சின்னத் தட்டச்சுக் கடை. சத்தியக்கடதாசி, மனு, நகர்த்தல் பத்திரம் அடித்துக் கொடுப்பேன், போட்டோகொப்பி எடுப்பேன். செய்தி எழுதுவது அதோடு சேர்ந்து ஓடுகிற வேலை. இதுவரை எந்த மாதமும் செய்திக் காசில் வீடு நடத்தியதில்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. இதில் எனக்குப் பிடிபட்டதையெல்லாம் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நீதிமன்றத்தில் நடப்பதை எழுதுகிறவர்கள் இரண்டு வகை. நீதிபதிக்கு முன்னால் இருந்து சாட்சி சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை பதிகிறவர் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். அவர் எழுதுவதுதான் வழக்கேட்டில் ஏறும், நாளைக்கு மேன்முறையீட்டில் வாசிக்கப்படும். அமெரிக்காவில் இந்த வேலையைச் சொந்தமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெனோ இயந்திரத்தோடு போய்ப் பதிந்து கொடுத்து, பக்கக் கணக்கில் காசு வாங்குவார்கள். அங்கே அது பகுதிநேரமாகவும் சரிவரும். நம் நாட்டில் அப்படி இல்லை. சுருக்கெழுத்தாளர், தட்டச்சாளர், மொழிபெயர்ப்பாளர், பதிவாளர் எல்லோரும் நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கும் நிரந்தர உத்தியோகத்தர்கள். விண்ணப்பம் கோரும்போது பரீட்சை எழுதித்தான் உள்ளே போகலாம். அரை நாள் வேலை என்ற பேச்சே அங்கில்லை. உங்களுக்கு அந்த வேலையில் ஆசை என்றால் தமிழ்ச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் ஒழுங்காகப் படித்து வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நீங்கள் கேட்பது இரண்டாவது வகை, பத்திரிகைக்கும் இணையத்துக்கும் வானொலிக்கும் எழுதும் நீதிமன்ற நிருபர் வேலை. இதற்குச் சுருக்கெழுத்து கட்டாயமில்லை. உங்களுக்கென்று சில குறுக்கங்களை வைத்துக்கொண்டால் போதும். என் கொப்பியில் விளக்கமறியல் "வி.ம.", சரீரப் பிணை "ச.பி.", காசுப் பிணை "கா.பி.", சட்டத்தரணி வெறும் "ச." மட்டும். பெயர், தொகை, திகதி மூன்றையும் ஒருநாளும் குறுக்க மாட்டேன், முழுதாக எழுதுவேன். பின்னேரம் வீட்டில் இருந்து பார்க்கும்போது தொகையில் ஒரு சைபர் கூடிவிட்டதா என்று யாரையும் கேட்க முடியாது.

காலை ஏன் முக்கியம் என்றால், நீதவான் நீதிமன்றத்தின் உயிர் முதல் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் இருக்கிறது. ஒன்பதரை மணியளவில் நீதவான் ஆசனத்தில் அமர்ந்ததும் வழக்குகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்படும். புதிதாகப் பிடித்து வந்தவர்களை முன்னிலைப்படுத்துவது, பிணை விண்ணப்பம், விளக்கமறியல் நீடிப்பு, தவணை (வழக்குக்கு அடுத்த திகதி) போடுவது எல்லாம் அங்கேதான் கடகடவென்று நடக்கும். ஒரு வழக்குக்கு இரண்டு நிமிடமும் வராது. அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிட்டால் பிறகு பொலிஸார் சொல்வதையோ சட்டத்தரணி சொல்வதையோதான் எழுத வேண்டிவரும். இன்று நீதிமன்றச் செய்தி என்று வருகிறதில் நிறைய, நீதிமன்றப் படியே ஏறாமல் பொலிஸ் தகவலை வட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே போட்டது. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கே போவது? மட்டக்களப்பு நகரில் நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம் மூன்றும் இருக்கின்றன. வெளியே ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி. அம்பாறை மாவட்டப் பக்கம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில். எல்லா இடத்துக்கும் ஓடப் பார்க்காதீர்கள். பகுதிநேரக்காரர் ஒரு நீதிமன்றத்தைப் பிடித்துக்கொண்டு அதை முழுதாக அறிந்துவைப்பதுதான் நல்லது. கல்லடியில் இருந்து உங்களுக்கு நகரம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே.

உள்ளே போக அனுமதி வேண்டுமா என்றால், அடிப்படையில் வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்கிறது. குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு, நீதிமன்ற வளவின் ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நீதிபதி ஆட்களை வெளியேற்றலாம். "வெளியே இருங்கள்" என்று சொன்னால் எழும்பிப் போய்விட வேண்டும், வாக்குவாதம் கூடாது. இருந்தாலும் முதல் நாள் பதிவாளரைக் கண்டு, "இன்ன ஊடகத்துக்கு எழுதுகிறேன்" என்று சொல்லி, எங்கே இருக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது மரியாதை, பின்னுக்கு உதவியும் கூட. போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். படமோ ஒலிப்பதிவோ எடுக்க நினைக்கவே வேண்டாம். அரசாங்கத் தகவல் திணைக்களம் வருடா வருடம் கொடுக்கும் ஊடக அடையாள அட்டைக்கு உங்கள் நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். நீங்கள் அரச பாடசாலை ஆசிரியர் என்றால் இன்னொரு பிரச்சினை வந்திருக்கும். தாபன விதிக்கோவை அரச உத்தியோகத்தர் வெளியில் ஊதியத்துக்கு வேலை செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. ரியூட்டரி என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ் என்பது நமக்குப் பெரிய வாய்ப்பு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையும் 1988இல் வந்த 16ஆவது திருத்தமும் அதைச் சொல்கின்றன. சிங்களத்தில் சாட்சி சொல்லும் அதிகாரி வந்தால் முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பார். அந்த நேரம் பொறுமையாக இருந்து மொழிபெயர்ப்பைக் கேட்டு எழுதுங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்தவர்கள் முந்திக்கொண்டு எழுதிப் பிழை விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டப் படிப்புத் தேவையா என்று கேட்டீர்கள். பட்டம் தேவையில்லை. சொற்கள் தேவை. இந்த வேலையில் சொல் பிழைத்தால் ஒரு மனிதனுடைய வாழ்க்கை பிழைக்கும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இந்தியத் தமிழ்ப் பத்திரிகை பார்த்துப் பழகியிருந்தால் முதலில் நீதிமன்றத்தின் பெயரே தடுக்கும். அவர்கள் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தில் இருக்கும் நீதிமன்றம், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். நமக்கு உயர் நீதிமன்றம்தான் நாட்டின் ஆக உயர்ந்தது, கொழும்பில் இருப்பது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருப்பவை மேல் நீதிமன்றங்கள். "மட்டக்களப்பு உயர் நீதிமன்றம் தீர்ப்பு" என்று ஒரு இணையத்தளம் போட்டால் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் வழக்கு முடிந்தே விட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றமும் இருக்கிறது, உயர் நீதிமன்றமும் இருக்கிறது.

அப்புறம் ஆளைக் குறிக்கும் சொல். பொலிஸார் பிடித்து வந்தால் சந்தேகநபர். குற்றச்சாட்டோ குற்றப்பத்திரமோ வாசிக்கப்பட்ட பிறகு எதிரி. தீர்ப்பில் குற்றம் நிரூபணமானால்தான் குற்றவாளி. இந்த மூன்றுக்கும் நடுவில் வருடக்கணக்கான தூரம் இருக்கிறது. நான் "சந்தேகநபர்" என்று எழுதி அனுப்பிய ஒரு செய்திக்குப் பத்திரிகையின் ஆசிரியர் மேசையில் இருந்த யாரோ "கொலையாளி சிக்கினான்" என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். கீழே உள்ள செய்தி சரியாக இருந்து என்ன பயன், ஊர் வாசித்தது தலைப்பைத்தானே. அன்றிலிருந்து தலைப்பையும் நானே எழுதி, "மாற்றுவதானால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று அடியில் குறிப்புப் போட்டு அனுப்புகிறேன். எல்லா நேரமும் கேட்பதில்லை. முன்பைவிடக் கேட்கிறார்கள்.

விளக்கமறியல் தண்டனை இல்லை. பொலிஸார் ஒருவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். விசாரணை முடியவில்லை என்றால் நீதவான் அவரை விளக்கமறியலில் வைக்கிறார். "14 நாட்கள் விளக்கமறியல்" என்று நாம் அடிக்கடி எழுதுவது இதைத்தான். "14 நாட்கள் சிறைத்தண்டனை" என்று இதையே எழுதியவர்கள் உண்டு.

பிணையும் அப்படித்தான். "இரண்டு இலட்சம் ரூபா பிணையில் விடுதலை" என்று போடுகிறார்கள். அதில் இரண்டு பிழை. காசுப் பிணை என்றால் கையில் கட்டும் காசு. சரீரப் பிணை என்றால் பிணையாளி கையெழுத்து வைக்கிறார், அவ்வளவுதான். சந்தேகநபர் தலைமறைவானால் மட்டும் அந்தத் தொகைக்கு அவர் பொறுப்பு. 25,000 ரூபா காசுப் பிணை, இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை என்றால் அன்று கட்டிய காசு 25,000 மட்டுமே. இரண்டாவது பிழை "விடுதலை". பிணையில் போனவர் விடுதலையாகவில்லை, வழக்கு இருக்கிறது. அவருக்குப் பிணை கிடைத்ததைப் பெரிய சலுகை போலவும் எழுதக்கூடாது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்றுதான் சொல்கிறது. கொலை போன்ற குற்றங்களில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இதைத் தெரியாமல் "நீதவான் பிணை மறுப்பு" என்று எழுதினால் நீதவான் ஏதோ யோசித்து மறுத்தது போல ஆகிவிடும்.

நம் மாவட்டத்தில் காணிச் சண்டை நிறைய என்பது உங்களுக்குத் தெரியும். கோட்டடியில் "அறுபத்தாறு வழக்கு" என்பார்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க, ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு அது. காணித் தகராறால் அமைதி குலையும் என்றால் அந்த நேரத்தில் யார் ஆட்சியில் இருந்தார், இரண்டு மாதத்துக்குள் யாராவது வெளியேற்றப்பட்டாரா என்று மட்டும் பார்த்துக் கட்டளை போடுவார்கள். காணி யாருக்குச் சொந்தம் என்று அங்கே தீர்மானிப்பதில்லை, அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. ஆனால் மறுநாள் செய்தி எப்படி வரும்? "காணி இன்னாருக்கே சொந்தம், நீதிமன்றம் அதிரடி." அதை வைத்து வேலியைப் பிடுங்கியவர்களையும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் பாரதூரமானது. "பொலிஸ் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற வரி. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் அது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு ஒரு விலக்கு வைத்ததால் எத்தனை பேர் எத்தனை வருடம் உள்ளே இருந்தார்கள் என்பது இந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தெரியும். சாதாரண வழக்கில் நீதிமன்றமே ஏற்காத ஒன்றை நாம் ஊர் முழுக்க வாசிக்கக் கொடுக்கிறோம் என்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம். நான் அந்த வரியை எழுதுவதே இல்லை. நீதவான் முன் தானே குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டம் கட்டினால், அதை எழுதலாம்.

எழுதவே கூடாதவையும் இருக்கின்றன. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. பெயரைப் போடாவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "படுவான்கரையில் இன்ன கிராமத்தில், இன்ன வகுப்பில் படிக்கும் மாணவி, சிறிய தந்தையார் கைது" என்று போட்டால் அந்த ஊரில் பெயரைச் சொன்னதற்குச் சமம். நம் ஊர்கள் சின்ன ஊர்கள். நான் இப்படியான வழக்குகளில் கிராமத்தையே விட்டுவிட்டு, பொலிஸ் பிரிவை மட்டும் எழுதுவேன். உறவுமுறையை எழுதினால் எதிரியின் பெயரை விட்டுவிடுவேன். சிறுவர் சம்பந்தப்பட்ட எந்த வழக்குக்கும் இதே ஒழுங்கு. திடீர் மரண விசாரணை அதிகாரி முன் நடக்கும் விசாரணைகளில், தானே உயிரை மாய்த்தவர் எப்படிச் செய்தார் என்ற விபரத்தை எழுத மாட்டேன்.

அவதூறு பற்றி உங்களுக்குப் பயம் இருக்கும். 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டுவிட்டது. நட்டஈட்டு வழக்கு வரலாம். திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாகவும் சரியாகவும் எழுதியிருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதே ஆள் படியில் இறங்கி வந்து வெளியில் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கொப்பியில் நடுவே ஒரு கோடு போடுங்கள், உள்ளே கேட்டது ஒரு பக்கம், வெளியே கேட்டது மறுபக்கம். நீதிமன்ற அவமதிப்புக்கு இப்போது தனிச் சட்டமே இருக்கிறது. கட்டளையைப் பற்றி விமர்சனம் எழுத ஆசை என்றால் அதைச் செய்திக்குள் கலக்காமல் தனிக் கட்டுரையாக, நிதானமாக எழுதுங்கள்.

சரி, இனி நான் உண்மையில் உங்களுக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு காலையில், ஹெரோயின் வைத்திருந்ததாக ஒரு இளைஞனை முன்னிலைப்படுத்தினார்கள். 23 வயது. மேசன் வேலை. நீதவான் விளக்கமறியலில் வைத்தார். நான் பெயர், வயது, ஊர் எல்லாம் போட்டு எழுதினேன். சொல் எல்லாம் சரி. "சந்தேகநபர்" என்றுதான் எழுதினேன், "பொலிஸார் தெரிவித்தனர்" என்றும் போட்டேன். ஒரு பிழையும் இல்லை. மூன்று இணையத்தளங்கள் அதை எடுத்துப் போட்டன. அன்று பின்னேரம் நான் அந்த வழக்கை மறந்துவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடதாசி. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்து, பிடித்த தூளில் போதைப்பொருள் எதுவும் இல்லை என்று காட்டி, மகனை விடுவித்து ஏழெட்டு மாதமாகிறதாம். "தம்பி, புடிச்ச அண்டைக்கு எழுதினீங்க. உட்ட அண்டைக்கு நீங்க வரல்லையே மனே. மறுகா அவனுக்குப் பேசின கலியாணம் நிண்டு போச்சு. பொம்புள வீட்டுக்காரர் போன்ல அதத்தான் எடுத்துக் காட்டினவங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இதையும் போடுங்க."

போட்டேன். நான் அனுப்பிய இடத்தில் நான்கு வரியாக உள்பக்கத்தில் வந்தது. எடுத்துப் போட்ட மூன்று தளங்களுக்கும் எழுதினேன். ஒன்று பழைய செய்தியை நீக்கியது, ஒன்று கீழே ஒரு குறிப்புச் சேர்த்தது, மற்றதிடமிருந்து பதிலே இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரைத் தேடினால் அந்தச் செய்தி இன்றைக்கும் வருகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு டயரி இருக்கிறது, தவணை டயரி என்று நானே பெயர் வைத்தது. யாருடைய பெயரையாவது செய்தியில் போட்டால், அந்த வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் அதில் எழுதுவேன். அந்த நாள் வந்தால் போய்ப் பார்ப்பேன். போக முடியாவிட்டால் அறிவித்தல் பலகையில் வழக்குப் பட்டியலைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் அந்த வழக்கில் தோன்றும் சட்டத்தரணியிடம் கேட்பேன். முடிவு வந்ததும், தண்டனையோ விடுவிப்போ, தொடக்கத்தை எழுதிய அதே இடத்தில் எழுதுவேன். முடிவு வரைக்கும் போக முடியாத வழக்கென்றால் பெயரே போடுவதில்லை. "ஏறாவூர் பொலிஸ் பிரிவில் 23 வயது இளைஞர்" என்பது போதும். இப்படிச் செய்ததில் நான் எழுதும் செய்தியின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆனால் எழுதியதெல்லாம் முழுச் செய்தி.

பகுதிநேரக்காரரால் இது முடியுமா என்று கேட்பீர்கள். முழுநேரக்காரரைவிட நம்மால்தான் முடியும். அவர்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை செய்தி என்று அழுத்தம் இருக்கிறது. நமக்கு ஒரு நீதிமன்றம், ஒரு டயரி, காலையில் இரண்டு மணித்தியாலம்.

வழக்குகள் நீளும். பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் அவர்கள் 2005 டிசெம்பர் 25, நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். கைதுகள் நடக்கவே 2015 ஆனது. சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்ததை அடுத்து, 2021 ஜனவரி 13ஆம் திகதி மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் எதிரிகளை விடுவித்தது. 15 வருடம். அந்த வழக்கை வாசகருக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் கடைசி நாள் மட்டும் போயிருந்தால் போதாது. எந்த நிலையில் எது நடந்தது, எந்தச் சாட்சியம் ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்று இடையில் நடந்ததையெல்லாம் யாராவது கொப்பியில் வைத்திருக்க வேண்டும். "விடுவிக்கப்பட்டனர்" என்ற ஒரு சொல்லுக்குள், குற்றமற்றவர் என்று விசாரித்துத் தீர்த்ததும் வரலாம், வழக்குத் தொடுநர் பின்வாங்கியதும் வரலாம். எது என்று சொல்வது நிருபரின் கடமை.

மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் தண்டனை விதித்த பிறகும் டயரியை மூடாதீர்கள். மேன்முறையீடு கொழும்புக்குப் போகும். அங்கே தண்டனை குறையலாம், தீர்ப்பே மாறலாம். மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தீர்ப்புகளைத் தங்கள் இணையத்தளத்தில் போடுகின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த வழக்கு இலக்கத்தோடு மேல் நீதிமன்ற வழக்கின் இலக்கமும் இருக்கும். மாதத்தில் ஒரு இரவு இருந்து தேடினால், மட்டக்களப்பில் வேறு யாரும் எழுதாத செய்தி உங்களுக்குக் கிடைக்கும். மரண தண்டனைத் தீர்ப்பு என்றால், 1976க்குப் பிறகு இந்த நாட்டில் அது நிறைவேற்றப்படவில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். வாசிக்கிற தாய் தகப்பனுக்கு அது தெரியாமல் இருக்கும்.

காசு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிராந்திய நிருபர்களுக்குப் பெரும்பாலும் செய்திக் கணக்கில்தான் கொடுப்பனவு, அதுவும் வெளிவந்த செய்திக்கு. பிந்தியும் வரும். பஸ் காசும் டேட்டாவும் போக மிச்சம் கொஞ்சம். ரியூட்டரியை விட்டுவிடாதீர்கள். தொடங்கும்போதே என்ன கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம். வேறு ஊரில் எழுதும் நிருபர்களோடு பழகுங்கள், யார் ஒழுங்காகக் கொடுக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

காசு வேறு வழியிலும் வரப் பார்க்கும். "மகனுடைய பெயரைப் போடாதீர்கள்" என்று ஒருவர் கவரோடு வருவார். "அவனுடைய பெயரைக் கட்டாயம் போடுங்கள்" என்று இன்னொருவர் வருவார். இரண்டு பேருக்கும் ஒரே பதிலை வைத்திருங்கள்: எனக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, எல்லோருக்கும் அதே ஒழுங்கு. என் கடையில் அடித்த மனுவில் வாசித்ததை நான் செய்தியாக்குவதில்லை, அது திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்படும் வரைக்கும். உங்களுக்கும் அப்படி ஒன்று வரும். ரியூட்டரிப் பிள்ளை ஒன்றின் தகப்பன் கூண்டில் நிற்பார். அந்த வழக்கை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

இனப் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடி, கல்முனை எல்லாம் தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் ஊர்கள். திருடியவர் எந்தச் சமூகம், களவு கொடுத்தவர் எந்தச் சமூகம் என்று தலைப்பில் போட்டால் கிளிக் கூடும். அன்று மாலையே சந்தியில் கூட்டமும் கூடலாம். வழக்கோடு சம்பந்தமில்லாவிட்டால் இனமும் மதமும் எழுதாதீர்கள்.

பயம் இருந்தால் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி இந்த நகரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் இங்கிருந்து எழுதிய ஒரு நிருபர்தான். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இன்று காலம் அப்படி இல்லை. ஆனாலும் மண் அள்ளும் வழக்கு, போதைப்பொருள் வழக்கு, காணி பிடித்த வழக்கு எழுதும்போது நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். மிரட்டல் வந்தால் திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி வைத்து, ஆசிரியருக்கும் உடனே அனுப்புங்கள். தனியாக வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

படிப்பதற்கு: அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. நீதித்துறை பற்றிய பகுதிகளை முதலில் வாசியுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் கைது, விளக்கமறியல், பிணை பற்றிய பிரிவுகள் போதும். முறையாக இதழியல் படிக்க ஆசை வந்தால் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் நடத்துகிறது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் எழுதாமல் நீதவான் நீதிமன்றத்தின் பின் வாங்கில் இருந்து கேளுங்கள். ஒவ்வொரு நாளும் மூன்று வழக்கை மட்டும் தேர்ந்து, இலக்கம், என்ன கட்டளை, அடுத்த தவணை என்று எழுதுங்கள். இரண்டாவது வாரம் முடிய, முதல் வாரத்து வழக்குகளில் சிலவற்றுக்குத் தவணை வந்திருக்கும். அந்த நாட்களில் போய் இருந்து பாருங்கள். என் பழைய தவணை டயரிகள் கடையில் அடுக்கி இருக்கின்றன. நீதிமன்றம் நடக்கும் எந்த நாளிலும் பகல் ஒரு மணிக்குப் பிறகு வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.